முழைக்குள் கொடுத்த குரல்

"என்னங்க" என்று ஒரு தடவை கூப்பிட்டதுமே அவள் புருஷன் பின்னால் வந்து நின்றார். முப்பிடாதிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரு கூப்பாட்டுக்கு வந்ததே கிடையாது. தமிழ் வாத்தியார். வீட்டில் இருந்தால் ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாலு தடவை கத்திவிட்டு, ஐந்தாவது தடவை கரண்டியால் கதவில் தட்டினால்தான் "என்னட்டி?" என்று தலை நிமிரும். இப்போது அடுக்களையில் நின்று அவள் வாயெடுத்தால் போதும், சொல் முடிவதற்குள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். காலடிச் சத்தம் கிடையாது. வேட்டி உரசும் சத்தம்கூடக் கிடையாது.

பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் இதைப் பார்த்துவிட்டு வயிறெரிந்தாள். "கொடுத்து வச்சவட்டி நீ. எங்க வீட்டு மனுசன் தலையில இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு."

முப்பிடாதி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மே மாச வெயிலில் சங்கரன்கோவில் தெருவெல்லாம் புழுதியும் நூல் தூசியுமாகக் காய்ந்து கிடக்க, அவர் நின்ற இடத்தில் மட்டும் ஈரக் கல்லின் வாடையும் வௌவால் எச்சத்தின் வாடையும் அடித்தன. அரப்பு தேய்த்து இரண்டு தடவை குளிக்க வைத்தாகிவிட்டது. வாடை போகவில்லை. முழைக்குப் போய்வந்து இன்றோடு நாலு நாள் ஆகிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பாழாய்ப்போன சொல்தான். வாத்தியார் வட்டாரச் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டு வருவார். முப்பிடாதி அட்டையில் எழுதுவாள். ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. சொல், பொருள், சொன்னவர் பெயர், ஊர், சொல் பிறந்த விதம். அவள் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும் என்று அவருக்குப் பெருமை. 'முழை' அட்டையில் பெருங்குகை என்று பொருள் எழுதி மாசம் மூன்றாகியும் கடைசி வரி காலியாகவே கிடந்தது. முழங்குவதால் முழை, முழவும் அங்கே பிறந்ததுதான் என்று ஒரு நாள் சொல்வார். மறுநாள், இல்லை, உள்ளே வெறுமையாகக் குடைந்து கிடப்பதால்தான் அந்தப் பெயர் என்பார். சோறு அவர் முன்னால் ஆறிக்கொண்டிருக்கும்.

வாசுதேவநல்லூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிற உச்சிமாகாளி அந்தச் சொல்லைப் பேச்சில் வைத்திருக்கிறான் என்று யாரோ சொல்ல, ஞாயிற்றுக்கிழமை இவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். குளக்கரை தாண்டி இரண்டு மைல் நடை. உச்சிமாகாளி பாறையில் உட்கார்ந்து கம்பால் கோடு போட்டுக்கொண்டே சொன்னான்.

"சின்னது பெருசுன்னு கணக்குக் கிடையாது சார்வாள். கடைசிச் சுவரக் கண்டது பொடவு. அதுல ஆட்ட அடைக்கலாம். கடைசிச் சுவர ஒருத்தனும் காணலேன்னா அது முழை. அதுல ஆடு தானா அடையாது."

"முழங்குததுனால முழைன்னு வந்திருக்கும்லா?"

"அது எங்கன முழங்குது? நாம முழங்குனத வாங்கி வச்சுக்கிடும். அம்புட்டுத்தான்."

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. அகராதி எல்லாம் பெருங்குகை என்கிறது, இவனோ முடிவு காணாத குகை என்கிறான்; அப்படியானால் அகராதியைத் திருத்த வேண்டும்; கண்ணால் பார்க்காமல் எப்படித் திருத்துவது? டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டார். "சுவரக் கண்டா இது பொடவு. காணலேன்னா முழை. ரெண்டுல ஒண்ணு இன்னைக்குத் தெரிஞ்சிரும்" என்று குனிந்து உள்ளே போனார்.

உச்சிமாகாளி தடுத்துப் பார்த்தான். கேட்கவில்லை என்றதும் இவளிடம் திரும்பினான். "தாயி, வெளிய நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். நிப்பாட்டக் கூடாது. இந்த வாசலுக்கு அதான் மொறை."

"பேர நான் எப்படிண்ணாச்சி சொல்லுவேன்?"

அவனுக்கும் அது புரிந்தது. அவன் வீட்டிலும் அப்படித்தான். பிப்ரவரியில் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டபோதுகூட முப்பிடாதி பார்வதியம்மாளைக் கூட்டிவந்து சொல்லச் சொன்னாள். கட்டியவன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். அவள் சொல்லாத பெயரை இந்தக் கதையும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். தானே கூப்பிடலாம் என்று உச்சிமாகாளி வாயைத் திறந்தபோது ஆடுகள் யாருடைய பருத்திக்குள்ளோ புகுந்துவிட்டன. அவன் ஓடினான். இவள் தனியாக நின்று தனக்குத் தெரிந்த ஒரே முறையில் கூப்பிட்டாள்.

"என்னங்க. என்னங்க, கேக்குதா? இங்கனதான் நிக்கேன்."

எதிரொலி வரவில்லை. அத்தனை பெரிய இருட்டுக்குள் அத்தனை சத்தமாகக் கூப்பிட்டும் ஒரு சொல்கூடத் திரும்பி வராதது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. பயத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள். அரைமணி நேரம் கழித்து அவர் வந்தார். கையில் டார்ச் இல்லை. சுவரைக் கண்டீர்களா என்று கேட்டாள். "போதும்" என்றார். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் சாயங்காலம் கரண்ட் போனது. தெருவில் தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. பகல் முழுக்கக் காதில் இரைந்துகொண்டிருந்த சத்தம் அறுந்ததும் வீட்டுக்குள் இருக்கிற சின்னச் சின்ன ஒலிகள் மேலே வந்தன. பானையிலிருந்து நீர் சொட்டுவது, ஓட்டில் பல்லி நகர்வது, அவளுடைய மூச்சு. அவருடைய மூச்சு மட்டும் இல்லை. அரிக்கேன் விளக்கைத் தேடிக் கைநீட்டித் தடவினாள்.

"இங்கனதான் நிக்கேன்" என்றார் அவர்.

அந்த அறை எட்டுக்குப் பத்து. பீரோவும் கட்டிலும் போக நாலு பேர் நிற்க முடியாது. ஆனால் அந்தக் குரல் கோவில் மண்டபத்தைப்போல நாலு மடங்கு பெரிய இடத்தில் புறப்பட்டு, வெகுதூரம் போய், எதிலும் மோதாமல் நின்றது. விளக்கை ஏற்றினாள். அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நல்ல வெள்ளைச் சட்டை. வாரிய தலை. எல்லாம் அவர்தான்.

"சாப்பிடுதியளா?"

"சோறு போதும்."

"ஒடம்புக்கு என்ன செய்யுது? டாக்டர்ட்டப் போவமா?"

"நேரமாச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "பஸ்ஸு போயிரும்."

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. எந்த பஸ்? நேற்றுக் காலையிலும் இதையே சொன்னார். அதற்கு முந்தின நாளும். ஏதோ ஒன்று அவள் மண்டைக்குள் பட்டென்று திறந்தது. பயப்படும்போது சிலர் சாமி கும்பிடுவார்கள். முப்பிடாதி அட்டைக் கட்டை எடுத்தாள். விளக்கடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இந்த நாலு நாளில் அவர் வாயிலிருந்து வந்த சொற்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, ஒரு சொல்லுக்கு ஒரு அட்டையாக எழுதினாள்.

என்னங்க. கேக்குதா. இங்கனதான். நிக்கேன். வாங்க. நேரமாச்சு. பஸ்ஸு. போயிரும். சோறு. ஆறிப்போச்சு. போதும்.

பதினொன்று. அதற்கு மேல் இல்லை. ஊரெல்லாம் சுற்றி நாலாயிரம் சொல் சேர்த்த மனிதருக்கு நாலு நாளில் பதினோரு சொல்தான்.

சொன்னவர் பெயர் என்ற வரியில் பேனாவை வைத்தாள். கை நின்றுவிட்டது.

அத்தனையும் அவள் சொன்னவை. முழை வாசலில் நின்று. ஞாயிற்றுக்கிழமை.

தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தத் தேவையும் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஈரக் கல் வாடை அடித்தது. மூச்சு இல்லை. சூடு இல்லை.

"கேக்குதா" என்றது அது.

விடியும்வரை அவள் அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அழுகை வந்தது, அழவில்லை. தன் வீட்டில், தன் விளக்கு வெளிச்சத்தில், இது பார்க்க அழுவதா என்று இருந்தது.

காலையில் உச்சிமாகாளி வந்தான். ஆட்டுச் சந்தைக்கு வந்தவன் வாத்தியார் வீட்டை விசாரித்து வந்திருந்தான். வாசலில் நின்று வாயைத் திறந்தவன், உள்ளே கட்டிலில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போய்த் தெருவில் நின்றான். முப்பிடாதி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"தாயி, அன்னைக்குப் பேரச் சொல்லிக் கூப்பிட்டியா?"

"இல்ல."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "நேத்து முழைக்கு அந்தால ஆட்ட மறிக்கும்போது உள்ள ஆள் பேசுத சத்தம். காத வச்சுக் கேட்டேன். சார்வாளேதான். சொல்லுச் சொல்லாச் சொல்லிக்கிட்டே இருக்காரு. வரப்பு, வாய்க்கா, மடை, மதகுன்னு. ஒண்ணு விட்டா மறந்துரும்னு பயந்தவரு மாதிரி."

முப்பிடாதி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாள். தண்ணீர் இல்லாமல், வெளிச்சம் இல்லாமல், தன் சொற்களை எண்ணிக்கொண்டு அந்த மனிதர் உள்ளே இருக்கிறார். இவள் இங்கே எதற்கோ சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இதுக்கு முன்னால இப்படி நடந்திருக்கா?"

"நடக்காம என்ன. எத்தனையோ பேரு போயிருக்காவ. பெஞ்சாதிமாரு வந்து நின்னு, நீ கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டிருக்காவ. 'என்னங்க'ன்னா எதுவும் வரலாம்லா தாயி? வெளிய வரும். வீட்ல கொஞ்ச நாள் இருக்கும்."

"பொறகு?"

"பொறகு வீட்ல சத்தமே இருக்காது. கதவ ஒடச்சுப் பாத்தா ஒருத்தரும் இருக்க மாட்டாவ. பொம்பளையும் இருக்க மாட்டா."

"இப்பம் போய்ப் பேரச் சொன்னா அவரு வருவாரா?"

"வருவாரு. அது ஒன் குரலுக்கு வந்ததால இனி ஒன் குரலுக்குத்தான் வருவாரு. ஆனா அந்த வாசல்ல ஒரு பொம்பள புருசன் பேரச் சொன்னது இதுவரைக்கும் கெடையாது. சொன்னா வேற என்னென்ன வரும்னு எனக்குத் தெரியாது. இங்கனயே வீட்டப் பூட்டிட்டு ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிரு. ஒன் உசுராவது மிஞ்சும்."

அவளுக்கு வந்த கோபத்தில் பயம் எங்கோ போயிற்று. "பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு வளத்தாவ. சொல்லாததுக்குல்லா ஆளத் தூக்கி வச்சிருக்கு. நான் ஏன் அம்மா வீட்டுக்குப் போவணும்? எம்புருசன் அங்கன கெடக்காரு. நீரு முன்னால போயி நில்லும் அண்ணாச்சி. நான் இதையும் கூட்டிக்கிட்டு வாரேன். வந்த எடத்துக்கே போவட்டும்."

கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டில் அது உட்கார்ந்திருந்தது. ஒரு கூப்பாட்டுக்கு வருகிற பிராணிதானே? வரட்டும்.

"என்னங்க" என்றாள். குரல் நடுங்கவில்லை. "வாங்க."

அது வந்தது.

வாசுதேவநல்லூர் பஸ்ஸில் கூட்டம். ஆனாலும் அவர்களுக்குப் பின் சீட்டில் யாரும் உட்காரவில்லை. வந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார்கள். அது ஜன்னல் பக்கம் இருந்தது. பஸ் இரைச்சலும் கண்டக்டர் விசிலும் அதன் பக்கமாகப் போய் அடங்கின. அந்தப் பக்கத்துக் காதில் அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. தோளோடு தோள் உரசியபோது, சட்டைக்குள் தோள் இருக்கிற இடத்தில் தோள் இருந்தது. அதற்கு உள்ளே எதுவுமே இல்லாததுபோல் குளிர் வந்தது. முப்பிடாதி முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். அவள் நகர்ந்து உட்காரவில்லை.

உச்சிக்கு வெயில் ஏறும் நேரம் மலையடிவாரத்துக்கு வந்தார்கள். பாறை சுட்டது. வெட்டுக்கிளிகள் இரைந்துகொண்டிருந்தன, வாசலுக்கு இருபது அடி இருக்கும்போது அவையும் இல்லை. உச்சிமாகாளி ஒரு உடைமரத்தடியில் நின்றான். அதற்கு மேல் அவன் வரவில்லை.

அது அவளைத் தாண்டி நடந்தது. நிழல் அதற்கு முன்னாலேயே உள்ளே போயிற்று. குனியக்கூட இல்லை; வாசல் அதன் உயரத்துக்கு இடம் விட்டதா, அது குள்ளமாயிற்றா, அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போகும் முன் திரும்பி, "சோறு ஆறிப்போச்சு" என்றது. அவள் குரலில்.

வெள்ளைச் சட்டை கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு இல்லை.

முப்பிடாதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலின் ஓரத்தில், வெயில் முடிந்து இருட்டு தொடங்குகிற கோட்டில் போய் மண்டியிட்டாள். வாய் திறந்தது. பெயர் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் நாக்குக்கு அடியில் அழுத்தி வைத்த பெயர். தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

"குருநாதன்."

கீச்சென்று வந்தது. மறுபடியும் சொன்னாள்.

"குருநாதன்."

இந்தத் தடவை நெஞ்சிலிருந்து வந்தது. எத்தனை நல்ல பெயர் என்று இருந்தது அவளுக்கு. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மலைக்குக் கேட்கட்டும், ஊருக்குக் கேட்கட்டும், சாமிக்குக் கேட்கட்டும். "குருநாதன். ஏ குருநாதன். முப்பிடாதி கூப்பிடுதேன். எந்திரிச்சு வாரும்வே."

முழை முதன்முதலாக அவளுக்குச் சத்தம் கொடுத்தது. ரொம்பத் தூரத்தில். கீழே.

"வாரேன்ட்டி. கத்தாத. கண்ணு தெரியல."

அவர். அந்த எரிச்சல் அவருடையது. அட்டையில் அவள் எழுதாத சொற்கள். முப்பிடாதி வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே கூப்பிட்டாள். நிப்பாட்டக் கூடாது. "குருநாதன். இந்தப் பக்கம். குரலப் பிடிச்சுக்கிட்டு வாரும். குருநாதன்."

"வாரேன்."

"குருநாதன்."

"வாரேன்."

இது வேறு குரல். வயசான குரல்.

அவள் நிறுத்தவில்லை. "குருநாதன்."

"வாரேன்" என்றது இன்னொன்று. இளசு. மீசைகூட முளைத்திருக்காது. அதற்குப் பின்னால் இன்னொன்று. சளி கட்டிய குரல். அதற்குப் பின்னால் பல்லில்லாத வாய். வாரேன். வாரேன். வாரேன் தாயி. கீழேயிருந்து பாறையை உரசிக்கொண்டு, முழங்காலிலும் வயிற்றிலும் ஊர்ந்துகொண்டு. எத்தனை பெண்கள் இந்த வாசலில் நின்று பெயரை விழுங்கினார்களோ அத்தனை பேரின் புருஷன்மார்கள். ஒரு பெண் குரல் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டவர்கள்.

"தாயி, ஓடி வந்துரு" என்று உச்சிமாகாளி அலறுவது பின்னால் கேட்டது. அவன் ஓடுகிற சத்தமும் கேட்டது.

முப்பிடாதி ஓடவில்லை. கோட்டைத் தாண்டி இருட்டுக்குள் இரண்டு கையையும் நீட்டினாள். "எல்லாரும் வாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. எம்புருசன் மொதல்ல. குருநாதன்."

ஒரு கை அவள் கையைப் பிடித்தது. ஈரம். குளிர். எலும்பு. அவருடையதாக இருக்கலாம். அவள் இறுக்கிப் பிடித்து, குதிகாலைப் பாறையில் ஊன்றி, இழுத்தாள். அந்தக் கை அசைந்து கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்திருந்தது. அந்தக் கையை இன்னொன்று. வெளுத்துப்போன விரல்கள், நகம் சுருண்ட விரல்கள், கிணற்றுக் கயிற்றைப் பிடித்து ஏறுகிறவர்கள்போல ஒன்றன்மேல் ஒன்றாக மேலே வந்தன, அவள் மணிக்கட்டைத் தாண்டின, முழங்கையைத் தாண்டின.

"குருநாதன்" என்றாள் முப்பிடாதி.

"நாந்தான்" என்றன எல்லாம் ஒரே சமயத்தில்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தாள்.